குரோமாக்ஸ் ஓடுகிறது, கார்டு சும்மா இருக்கிறதே!

கேள்வி: உபுண்டு 24.04-இல், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளை நிறுவினேன். என்விடியா கிராபிக்ஸ் கார்டு (ஜிபியூ) இருந்தும் புரத சிமுலேஷன் முழுக்க சிபியூவிலேயே ஓடுகிறது. பதிப்பு விவரத்தில் 'ஜிபியூ சப்போர்ட்: டிசேபிள்ட்' என்று வருகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் கவனித்த அந்த வரியிலேயே காரணம் இருக்கிறது. ஆப்ட் தந்தது குடா (என்விடியா கார்டில் கணக்குகளை ஓடவைக்கும் மென்பொருள்) சேர்க்காமல் கம்பைல் செய்த குரோமாக்ஸ். அதில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் கார்டு வேலை செய்யாது. மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்ய வேண்டும்.

முதலில், குடா நிரல்களைக் கம்பைல் செய்யும் குடா டூல்கிட். பலர் தடுக்கி விழும் இடம் இது. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கொடுத்தால் வலது மூலையில் ஒரு குடா எண் தெரியும். உங்கள் டிரைவர் அதிகபட்சம் எந்தப் பதிப்பைத் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. டூல்கிட்டே இல்லாத கணினியிலும் அந்த எண் வரும். டூல்கிட் இருக்கிறதா என்று என்விசிசி கம்பைலரின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஜிசிசி, அதாவது சி, சி++ நிரல்களுக்கான கம்பைலர். உபுண்டு 24.04-இல் இயல்பாக வருவது 13, உங்கள் டூல்கிட் குடா 12.0 என்றால் அது ஏற்பது 12 வரைதான். அதனால் ஜிசிசி 12-ஐயும் நிறுவி, கம்பைலுக்கு முன் அமைப்புகளைத் தயார் செய்யும் சிமேக்குக்கு அதையே காட்டுங்கள்.

சிமேக்கில் ஜிஎம்எக்ஸ்_ஜிபியூ என்பதற்கு 'குடா' என்று கொடுங்கள். 2021 பதிப்புக்கு முந்தைய குறிப்புகளில் 'ஆன்' என்றிருக்கும். அது இப்போது செல்லாது. கூடுதல் தசமத் துல்லியம் தரும் டபுள் பிரிசிஷனைத் தொடவே வேண்டாம், அதில் ஜிபியூ கிடையாது. சிமேக் பிழை காட்டினால் பில்ட் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கேஷ் (சிமேக் சேமித்து வைத்த அமைப்புகள்) இருந்தால் கம்பைலரை மாற்றியது அதற்குத் தெரியாது.

நிறுவி முடித்ததும் யூஎஸ்ஆர்/லோக்கல்/குரோமாக்ஸ்/பின் கோப்புறையில் உள்ள ஜிஎம்எக்ஸ்ஆர்சி கோப்பை டெர்மினலில் சோர்ஸ் கட்டளையால் ஏற்றுங்கள். இதை மறந்தால் ஆப்ட் வைத்த பழைய குரோமாக்ஸ்தான் மறுபடி ஓடும். கஷ்டப்பட்டுக் கம்பைல் செய்ததெல்லாம் வீண் என்று தோன்றிவிடும். ஆப்ட் பதிப்பை நீக்கிவிடுவதே நல்லது.

கார்டின் வேகத்தை எனர்ஜி மினிமைசேஷனை (சிமுலேஷனுக்கு முன் அணு அமைப்பின் ஆற்றலைக் குறைக்கும் கட்டம்) வைத்து எடை போடாதீர்கள். தொலைதூர மின்விசைகளைக் கணிக்கும் பிஎம்இ கணக்கு அந்தக் கட்டத்தில் ஜிபியூவுக்குப் போகாது. அணுக்களின் அசைவைக் கணக்கிடும் எம்டி (மாலிகுலர் டைனமிக்ஸ்) கட்டத்தை ஓடவிட்டு லாக் கோப்பைத் திறங்கள். தொடக்கத்தில் 1 ஜிபியூ தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும், கடைசியில் ஒரு நாளைக்கு எத்தனை நானோசெகண்ட் அசைவைக் கணக்கிட முடியும் என்றும் இருக்கும். சிபியூவில் ஓட்டிய பழைய லாக்கை அழிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.