நந்தியாவட்டையில் இருந்த பச்சைப் புழு பழுப்பாகிவிட்டது, நோயா?

வணக்கம். நந்தியாவட்டையில் இருந்த விரல் தடிமன் பச்சைப் புழு ஒரே நாளில் பழுப்பாகிக் கீழே இறங்கிவிட்டது, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அது நோய் இல்லை, கூட்டுப்புழுவாகப் போகிறது.

புழுவின் தலைப் பக்கம் இருப்பதாக நீங்கள் சொன்ன அந்த இரண்டு நீலக் கண்களே போதும், இது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அவை நிஜக் கண்கள் அல்ல. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது அந்த நீலப் பொட்டு விரிந்து முறைப்பதுபோல இருக்கும். வால் கொம்பு கொட்டாது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இலைகள்தான் இதன் சாப்பாடு. அரளியின் விஷம் இதை ஒன்றும் செய்வதில்லை.

செடியடிச் சருகைக் கூட்டாமல் விடுங்கள், அதற்குள்தான் அது கூட்டுப்புழுவாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வெளிவரும். பச்சையும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் குழைத்த சிறகு, விரித்தால் ஒரு சாண் இல்லை, ஏறக்குறைய அதில் பாதி. அந்தி நேரத்தில் பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழ்கிறது. கோடையில் ஐரோப்பா வரைகூடப் பறந்து போகும்.

தின்ற கிளைகள் தானே துளிர்த்துவிடும்.