மாமனுக்கு வந்தது மருமகளுக்கும் வருமா?

மனநலப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் 'பரம்பரை' என்ற சொல்லையே சுற்றி வந்தன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். முதலில் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தோம். பிறகு தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்தோம். 18 வருடங்களாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வயலையும் கவனித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறான். என் மகளுக்கு வயது 26. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு, பெண்ணின் தாய்மாமனுக்கு இப்படி என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளை வீட்டார், 'நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு வந்தால் யார் பொறுப்பு?' என்று சொல்லி விலகிவிட்டார்கள். 80 சதவீதம் பரம்பரையாக வரும் என்று செல்போனில் படித்துக் காட்டுகிறார்கள். அது உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ ஒன்று. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் அது பத்தை ஒட்டி வரும். தாய்மாமனுக்கு இருந்தால் மூன்று அல்லது நான்கு. அவர்கள் அஞ்சுகிற அந்தப் பேரப்பிள்ளைக்கு, அதாவது உங்கள் தம்பிக்குப் பேரன் முறையாகும் குழந்தைக்கு, இரண்டை ஒட்டியே நிற்கும். உங்கள் மகளைப் பொறுத்தவரை, இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தலைகாட்டுவது என்பதால், அந்தப் பருவத்தில் பாதிக்கு மேல் அவர் கடந்துவிட்டார்.

அப்படியானால் 80 சதவீதம் என்பது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை, ஆனால் அந்த எண் சொல்வது வேறு. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளில், மனச்சிதைவின் பரம்பரைத்தன்மை 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்பதே அந்த அளவு; ஒரு குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு அதுவல்ல. உங்கள் ஊருக்கு இதை வயலை வைத்துச் சொல்வதுதான் எளிது. கலப்பு விதையை ஒரே வயலில், ஒரே தண்ணீரும் ஒரே உரமும் கொடுத்து விதைத்தால், பயிருக்குப் பயிர் காணும் உயர வித்தியாசம் முழுவதும் விதையால் வந்தது என்றே கணக்கு வரும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் கலப்பில்லாத ஒரே ரக விதையில் ஒரு மூட்டையை இரண்டாகப் பிரித்து, பாதியை வாய்க்கால் தலைப்பிலும் மீதியைத் தண்ணீர் எட்டாத கடைமடையிலும் விதைத்தால், வித்தியாசம் முழுவதும் தண்ணீரால் வந்தது என்று ஆகும். விதையின் வேலையும் தண்ணீரின் வேலையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எண் மட்டும் தலைகீழாகிவிட்டது. மரபணு முழுவதும் ஒன்றாக உள்ள ஒருகரு இரட்டையரிலேயே, ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு.

இதனால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். 1966-இல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் லியோனார்ட் ஹெஸ்டன் என்ற மருத்துவர், மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். அவர்களில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. அதேபோல் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு நோயில்லாத 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. 'தாய் வளர்த்த விதம் சரியில்லை' என்று பெற்றவளையே குற்றவாளியாக்கி வந்த அக்காலத்துக் கருத்து ஆட்டம் கண்டது இத்தகைய ஆய்வுகளால்தான். ஆனால் அதே ஆய்வில், 47 பேரில் 42 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த மரபணு எது என்று தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஒன்றல்ல. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மரபணுத் தொகுதியில் இந்நோயோடு தொடர்புடைய 108 இடங்கள் தென்பட்டன. 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட 2022-ஆம் ஆண்டின் ஆய்வில் அது 287 ஆயிற்று. ஒவ்வொன்றும் தனியே கூட்டும் அபாயம் மிக மிகச் சிறியது. அவை நம் எல்லோரிடமும் சிதறிக் கிடக்கின்றன. விலகிப் போன அந்த வீட்டாரிடமும் ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும். இதற்கு விதிவிலக்காக, 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. ஆனால் அவர்களுக்குப் பிறவி இதயக் கோளாறோ அண்ணக் கோளாறோ பெரும்பாலும் சேர்ந்திருக்கும். உங்கள் தம்பிக்கு அப்படி ஏதும் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ரூடின் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு உள்ளவர்களின் உடன்பிறந்தாரை எண்ணிக் கணக்கிட்டு 1916-இல் வெளியிட்டார். ஒற்றை மரபணுவால் வருவதாக இருந்தால் எத்தனை பேருக்கு வர வேண்டுமோ, அதைவிட மிகக் குறைவாகவே வந்திருந்தது. தம் கணக்கே தம்மைத் தடுத்திருக்க வேண்டிய அந்த மனிதர், 1933-இல் ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவரானார். லட்சக்கணக்கானோர் அந்தச் சட்டத்துக்கு இரையானார்கள். 'அந்த ரத்தம் வேண்டாம்' என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை' என்று சொல்பவர்களின் வாக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், திருவையாறு பக்கத்திலிருந்து பேரனை அழைத்து வந்த ஒரு மூதாட்டியிடம் விசாரித்துக் குடும்ப வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அவருடைய கொழுந்தனாருக்கான சதுரத்தைப் போட்டு முடித்ததும், வெற்றிலைக் கறை படிந்த விரலை அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டார். "அவரு காசிக்குப் போயிட்டாரு தம்பி, அவரை எழுத வேணாம்" என்றார். ஏன் போனார் என்று கேட்டேன். "ராத்திரியெல்லாம் தனியா பேசிக்கிட்டிருப்பாரு" என்று மெதுவாகச் சொன்னார். இப்படிக் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போன சதுரங்கள் டெல்டாவில் பல வீடுகளில் உண்டு. தவிரவும், இந்நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேரின் பெற்றோருக்கு அது இருந்ததே இல்லை.

அடுத்து வரும் வரனிடம் மறைக்காதீர்கள். தம்பியின் நோயை மட்டும் சொல்லி நிறுத்தாமல், 18 வருடமாக அவர் வயலைப் பார்ப்பதையும் சொல்லுங்கள். வேண்டுமானால் மருத்துவரிடம் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். இன்னொன்று: இந்த இரண்டு சதவீதத்துக்கு அஞ்சுகிறவர்கள்கூட, சொந்த அத்தை மகளையோ அக்காள் மகளையோ கட்டத் தயங்குவதில்லை. பிறவிக் குறைபாடுகளைப் பொறுத்தவரை, நெருங்கிய உறவில் செய்யும் கல்யாணத்தால் கூடும் அபாயமும் குறைந்தது இதே அளவுதான்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். என்னைப் போலவே முன்கோபம். என் அப்பாவும் அப்படித்தான். எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துக் குணத்தையும் ஏற்ற படிப்பையும் சொல்லும் பரிசோதனை இருக்கிறதாமே, செய்து பார்க்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பணத்தை மிச்சப்படுத்துங்கள். குணத்தில் மரபுக்குப் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 40 சதவீதத்தை ஒட்டியோ சற்றுக் கூடவோ வரும். ஆனால் கோபத்துக்கென்று ஒரு மரபணு, துணிச்சலுக்கென்று ஒரு மரபணு என்று பிரித்து வைத்திருக்கவில்லை. 1996-இல், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏற்கும் மரபணு ஒன்றைப் புதுமை நாட்டத்தோடு முடிச்சுப் போட்டார்கள். பிற்பாடு பலர் செய்து பார்த்தபோது அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. 2003-இல், அதேபோன்ற இன்னொரு வேதிப்பொருளான செரட்டோனினின் கடத்தி மரபணுவையும் மனச்சோர்வையும் இணைத்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. அத்தகைய 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் 2019-இல் சோதித்தபோது, எதேச்சையாகப் பொறுக்கியெடுத்த மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் மேலாக இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் இன்றைய முறை அதைவிட மேம்பட்டதுதான். ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைக் கொண்டு கட்டப்பட்டது என்பதால் நம்மவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை, தனி ஒருவரின் குணத்தைச் சொல்லும் துல்லியம் எவருக்குமே அதில் இல்லை. தாத்தாவும் அப்பாவும் கத்துவதைப் பதினேழு வருடமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், மரபணுவை மட்டும் தனியே பிரித்தெடுக்க எச்சில் போதாது.

கேள்வி: அப்பாவுக்கு இருமுனை மனநோய் (சில காலம் அளவுமீறிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு); அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு 19 வயது. எனக்கும் வருமா? நான் என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, வராமல் இருக்கவே வாய்ப்பு மிக அதிகம், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வருவது நூற்றில் பத்துக்குள் என்பதே பொதுவான கணக்கு. கஞ்சா பக்கம் போகாதீர்கள். தூக்கத்தைக் காத்துக்கொள்ளுங்கள், திருவிழாவுக்காக ஓரிரவு விழிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் நாள் கணக்கில் தூங்காமலேயே களைப்புத் தெரியாமல் உற்சாகம் பொங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள், அல்லது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். அப்பாவைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும் என்பதால், அவரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். லித்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. எனவே எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது என்பது தெரியும்படி, அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள்.