நாரி நோவுக்கு உருவிவிடலாமா?

கேள்வி: வயலில் நாள் முழுவதும் குனிந்து களை பிடுங்கும் என் அம்மாவுக்குத் தீராத நாரி (இடுப்பு) நோவு. எண்ணெய் பூசி உருவிவிடலாமா? காலில் செல் (எறிகணை) துண்டு தங்கியுள்ள அப்பாவுக்கும் அது பொருந்துமா?
– வாசகி, கண்டாவளை

பதில்: அம்மாவுக்குத் தாராளமாகச் செய்யலாம். சித்த மருத்துவம் தொக்கணம் என்று அழைக்கும் இம்முறையில் தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் உள்ளிட்ட 9 வகைகள் உள்ளன. குனிந்த வேலையால் இறுகிய தசைக்கு, இளஞ்சூடான நல்லெண்ணெய் பூசி, முள்ளந்தண்டின் மீது அழுத்தாமல் அதன் இருபுறமும் மெல்ல அழுத்திப் பிடித்துவிடுவதே போதும். தசை தளரும், நோவு சில நாட்களுக்குத் தணியும், உறக்கமும் நன்றாக வரும். ஆனால் விலகிய முள்ளந்தட்டை, அதாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டை, எந்தக் கையாலும் உருவி உள்ளே தள்ள முடியாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கால் விறைத்தாலோ சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நகரங்களில் பரவிவரும் சுவீடன் முறை, நீண்ட தடவலும் பிசைதலும் கொண்ட மென்மையான முறையாகும். 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற தாய்லாந்து முறையோ எண்ணெயின்றி உடலை வளைத்து இழுப்பது. எலும்பு தேய்ந்த முதியோருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அப்பாவின் விடயம் வேறு. வன்னியில் எத்தனையோ பேர் இப்படித் துண்டுகளைச் சுமந்து வாழ்கிறார்கள். அத்துண்டு நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ அருகில் இருக்கக்கூடும் என்பதால், எக்ஸ்ரே எடுத்து வைத்தியரிடம் கேட்கும்வரை அவ்விடத்தை அழுத்தவே வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போது உருவுவது உயிருக்கே ஆபத்து.