அந்தக் குடைக்குள் ஏன் போகவில்லை?

கேள்வி: எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். ஏழு வருடமாக அவருக்கு மருந்து வாங்கித் தருவது, கரண்ட் பில் கட்டுவது, பல்பு மாற்றுவது எல்லாம் நான்தான். பதிலுக்கு ஒரு துரும்பைக்கூட வாங்கியதில்லை. யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை எனக்கு. மகளையும் அப்படியே வளர்த்திருக்கிறேன். போன மாதம் கொட்டுகிற மழையில் அந்த அம்மா குடைக்குள் வரச் சொல்லியும் போகாமல், நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஆனால் ஆறு மாதமாக அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கீழ் வீட்டுப் பையனைத்தான் கடைக்கு அனுப்புகிறார். அவனும் எந்நேரமும் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். பார்த்தால் மனது ஆறவில்லை. இனி யாருக்கும் உதவுவதில்லை என்று இருந்துவிடலாமா?

பதில்: "இவ்வளவு செய்தேன், என்னைக் கண்டுகொள்ளவில்லை" என்ற கடிதம் மாதத்துக்கு நாலாவது வந்துவிடும். உங்கள் நல்ல மனதை மெச்சி இரண்டு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னியுங்கள், எனக்கு அந்தக் குடையைத் தாண்டிப் போக முடியவில்லை.

பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் அதை. நான் படித்தது வேறு. மழையில் ஒரு குழந்தை நடந்து வருகிறாள். வயதானவர் ஒருவர் நின்று, குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, வா என்கிறார். அவள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போகிறாள். இரண்டு பேரும் போக வேண்டியது ஒரே வாசலுக்கு. பாதிக் குடை காலியாக, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா மீதித் தூரம் நடந்திருப்பார். ஏழு வருடத்தில் உங்கள் வீட்டுக்கு அவர் செய்யக் கிடைத்த ஒரே ஒரு காரியம் அது. அதையும் தட்டிவிட்டாயிற்று.

தேதியைக் கவனித்தீர்களா? ஆறு மாதமாக உங்களிடம் எதுவும் கேட்காதவர், போன மாதம் உங்கள் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். கோபமாக இருப்பவர் கூப்பிடுவாரா? அவருக்கு உங்களிடம் வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. கொடுக்க ஆசை அப்படியே இருக்கிறது.

கீழ் வீட்டுப் பையன் விஷயமும் இதுதான். அவன் மருந்து வாங்கி வருகிறான், அவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவனை அனுப்பும்போது அவர் தலை நிமிர்ந்து அனுப்பலாம். உங்களை அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டும். நீங்கள் கெஞ்ச வைத்தீர்கள் என்று சொல்லவில்லை. வாங்க மறுத்தீர்கள், அது போதும். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரை ஏழு வருடம் வெறும் நோயாளியாக வைத்திருந்தீர்கள்.

1925-ல் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பல சமூகங்களின் கொடுக்கல் வாங்கலை ஆராய்ந்து எழுதியபோது மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது. நீங்கள் முதல் கடமையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். இதில் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் வயதான 423 தம்பதிகளை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. சொந்தக்காரர்கள், நண்பர்கள், அக்கம்பக்கத்தாருக்கு வீட்டு வேலை, கடை வேலை என்று உதவி செய்துவந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உதவி வாங்கிக்கொண்டதில் மட்டும் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. மாத்திரையை நேரத்துக்கு வாங்கிக் கொடுத்த நீங்கள் இதற்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

என் அம்மா பக்கத்து வீட்டில் ஊசி கடன் கேட்பார். எங்கள் வீட்டு டப்பாவிலேயே ஒரு டஜன் ஊசி கிடக்கும். "இருக்கிறதே, ஏன் கேட்கிறாய்?" என்றேன் ஒருநாள். "நாம் கேட்டால்தான் நாளைக்கு அவளுக்கு நம் வீட்டுப் படி ஏற வாய் வரும்" என்றார். எனக்கு அது அப்போது பொய்யாகத்தான் பட்டது. இன்னும் கொஞ்சம் பொய்தான், ஆனால் அந்தத் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தட்டக்கூடிய கதவு எங்களுடையது.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள்தான். யாரோ எப்போதோ உங்களை அப்படிச் சுட்டிருக்கலாம், அதனால் வந்த பழக்கமாக இருக்கலாம். சரி. அந்தச் சூட்டை மகளுக்கும் ஏன் போடுகிறீர்கள்? அவளுக்கு அது தன்மானம் என்று சொல்லியிருக்கிறீர்கள். பெரியவர் நீட்டியதை மரியாதையாக வாங்கிக்கொள்ளத் தெரியாத பிள்ளை, நாளைக்குப் புகுந்த இடத்திலும் வேலை செய்யும் இடத்திலும் தனியாகத்தான் நனைவாள். வயதான காலத்தில் நீங்களே ஏதாவது கொடுக்கப் போனாலும் "வேண்டாம்" என்பாள். அப்போது எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

உதவுவதை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் கூடாது. எதிர் வீட்டில் தனியாக ஒருவர் இருக்கும்போது அவரைக் கவனிப்பது நமக்கு இருக்கும் கடமை, மனத்தாங்கல் வந்ததும் விட்டுவிடுகிற பொழுதுபோக்கு இல்லை.

இந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். "அன்றைக்கு நான் உங்களோடு வந்திருக்கணும்" என்று அவள் வாயால் சொல்லட்டும். அவளுக்குக் கணக்கில் ஏதாவது இடித்தால் நோட்டையும் எடுத்துப் போகட்டும். நீங்கள் மருந்துச் சீட்டு எதுவும் கேட்காமல் வெறுங்கையோடு போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். குடிக்க எதையாவது கொண்டுவர அவர் எழுந்து உள்ளே போவார், மெதுவாகத்தான் போவார். "நான் எடுத்துக்கிறேம்மா" என்று பின்னாலேயே ஓடாதீர்கள்.