எடை குறைந்தபின் வரும் தலைசுற்றல்: குன்னூர் நண்பருக்கு

12 கிலோ குறைந்தபின் தோட்டச் சரிவில் குனிந்து நிமிரும்போது தலைசுற்றுவது இதயம் பலவீனமானதன் அறிகுறியோ என்று கேட்டிருக்கிறீர்கள்; பழைய எடைக்குத் தரப்பட்ட இரத்த அழுத்த மாத்திரை இப்போது அளவுக்கு மிஞ்சியிருப்பதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பருமனான உடலில் கூடுதல் திசுக்களுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், இரத்தத்தின் அளவு கூடி, இதயத்தின் இடது கீழறைச் சுவர் நாளடைவில் தடித்துப்போகிறது. எடை குறையும்போது அந்தச் சுமை தணிவதோடு, ஏறத்தாழ கிலோவுக்கு 1 மி.மீ. பாதரசம் என்ற கணக்கில் அழுத்தமும் இறங்குகிறது. உங்கள் முயற்சி இதயத்துக்கு நன்மையே செய்திருக்கிறது.

ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறையும், எழுந்து நின்ற 1, 3 ஆகிய நிமிடங்களிலும் அழுத்தத்தை அளந்து எழுதிவையுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளிகளாவது குறைந்தால், அந்தத் தாளுடன் மருத்துவரைப் பாருங்கள். மலைக்குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் தலைசுற்றலைக் கூட்டும். மேட்டுப்பாளையத்து வெயிலுக்கு இறங்கும் நாட்களில் இரத்தக் குழாய்கள் விரிவதால் கூடுதல் கவனம் தேவை.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டெனலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி வரக்கூடும். நினைவிழந்து விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, துடிப்பு தாறுமாறானாலோ, அளந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.