வாசகர் கேள்வி – பதில்: மீனில் கிருமியும் நானோ உணரியும்

கேள்வி: மீனும் கருவாடும் மொத்தமாக வாங்கி விற்று வருகிறேன். தங்க நானோ துகள் உள்ள பட்டையொன்றை மீன் கழுவிய நீரில் நனைத்தால் பத்தே நிமிடத்தில் கிருமி இருப்பதைக் காட்டிவிடும் என்று ஒருவர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. பட்டையை நம்பி வாங்கலாமா?
– மீன் வியாபாரி, கடலூர் முதுநகர்

பதில்: பட்டை ஏமாற்று வேலை அல்ல, பத்து நிமிடம் என்ற பேச்சில்தான் பாதி விஷயம் மறைந்திருக்கிறது. தங்கத்தை ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக நீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இராது, நல்ல சிவப்பாக இருக்கும். துகள்களின் நுண்மையே இந்த நிறத்துக்குக் காரணம் என்பதை 1857-லேயே மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஆராய்ந்து எழுதிவிட்டார். பட்டையில் உள்ள துகள்களின் மீது, குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் ஒட்டப்பட்டிருக்கும். நீர் ஊறி ஏறும்போது, துகள்கள் ஒட்டிய கிருமிகள் ஒரு கோட்டில் தடுக்கப்பட்டு, அங்கே சிவப்பு தெரியும். கர்ப்பம் அறியும் பட்டையும் இதே அமைப்பில் செய்யப்பட்டதுதான். கூடவே இன்னொரு கோடும் இருக்கும். அது தோன்றாவிட்டால் பட்டை கெட்டுவிட்டது என்று பொருளே தவிர, மீன் நல்லது என்று பொருள் அல்ல.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. இத்தகைய பட்டையில் கோடு கண்ணுக்குத் தெரிய, பொதுவாக ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் அளவுக்காவது கிருமிகள் இருக்க வேண்டும். ஆனால் உணவு வழியாக நோய் தரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவைப் பொறுத்தவரை, சோதிக்கும் 25 கிராம் மீனில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே உணவுப் பாதுகாப்பில் வழங்கும் அளவுகோல். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் ஆய்வகத்தில் அந்த 25 கிராமைச் சத்துநீரில் இட்டு, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 18 மணி நேரம் வைத்து, இருக்கும் ஓரிரு கிருமிகளைப் பல லட்சமாகப் பெருக்குகிறார்கள். அதன் பிறகு தேடும் கிருமிக்கு மட்டும் இடங்கொடுக்கும் தேர்வு ஊடகம், தட்டில் வளர்ப்பு, உறுதிப்படுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போக, மொத்தம் மூன்று முதல் ஐந்து நாள் ஆகிவிடுகிறது. பட்டை மிச்சப்படுத்துவது பிந்தைய நாள்களைத்தான்; முதல் நாள் வளர்ப்பை அதனால் தவிர்க்க முடியாது. மறுநாளே முடிவு தெரிவது வியாபாரத்தில் பெரிய லாபம் என்பதை நான் மறுக்கவில்லை. வெறும் கழுவுநீரில் நனைத்துக் கோடு இல்லை என்று சரக்கை அனுப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எந்தக் கிருமிக்கான பட்டை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சால்மொனெல்லாவுக்கான பட்டை, கடல் மீனில் நாம் அஞ்ச வேண்டிய விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் பாதி உலர்ந்த சிறுமீனை உண்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோதுதான் அந்தக் கிருமியே கண்டறியப்பட்டது. அது உப்பு விரும்பி என்பதால், வளர்க்கும் சத்துநீரிலும் உப்பு வேண்டும்.

உங்களிடம் கருவாடும் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பட்டை இல்லாமல், சிறு குப்பியில் உள்ள சிவப்பு நீர் நீலமாக மாறுவதைப் பார்க்கும் சோதனையும் உண்டு. தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது அந்த நிறம் மாறுகிறது. போதிய பாதுகாப்புப் பூச்சு இல்லாத துகள்களை உப்பே திரளச் செய்துவிடும். ஆகவே கருவாடு ஊறிய நீரை அதில் விட்டால், கிருமி ஒன்றுகூட இல்லாமலேயே நீலமாகிவிடலாம். விற்க வருபவர் கருவாட்டில் சோதித்த முடிவைக் காட்டினால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: கிராபீன் உணரி (சென்சார்) கிருமியை மின்னோட்டத்தின் வழியாக அறியும் என்று படித்தேன். அது எப்படி நடக்கிறது?
– கல்லூரி மாணவி, காலாப்பட்டு, புதுச்சேரி

பதில்: 2004-இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் பிரித்தெடுத்து, 2010-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கிராபீன், ஓர் அணு அளவே தடிமன் கொண்ட கரித்தாள். அதில் உள்ளே என்று ஒன்று இல்லை. எல்லா அணுக்களும் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. அதனால் மேலே எது வந்து ஒட்டினாலும் அதில் ஓடும் மின்னோட்டம் மாறுகிறது. பாக்டீரியாவின் மேற்புறம் பெரும்பாலும் எதிர்மின் தன்மை உடையது. தாளின் மீது பதித்த ஆன்டிபாடியோ, அப்டமர் எனப்படும் சிறு டி.என்.ஏ. இழையோ அதைப் பிடித்து நிறுத்தும்போது, தாளின் மின்கடத்தும் அளவு மாறுவதைக் கருவி பதிவு செய்கிறது.

இங்கும் உப்பு குறுக்கே வருகிறது. உடல் திரவத்தைப் போன்ற உப்புச் செறிவுள்ள நீரில், ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் ஒரு நானோமீட்டர் தூரத்துக்குள்ளேயே மறைக்கப்பட்டுவிடும். ஆன்டிபாடியோ சுமார் 10 நானோமீட்டர் நீளம் கொண்டது. எனவே அதன் நுனியில் மாட்டிய கிருமியின் மின்னூட்டம் தாளுக்கு எட்டுவது அரிதாகிறது. உப்புக் குறைந்த நீரால் கழுவிய பிறகே அளக்க வேண்டியுள்ளது. மீனின் கொழுப்பும் புரதமும் தாளில் படிந்து பொய்க்குறி காட்டுவதும் உண்டு. தூய நீரில் சில பத்துக் கிருமிகளைக்கூடக் கண்டறியும் உணரி, மீன் அரைத்த கலவையில் திணறுவது இதனால்தான்.

என்னைக் கேட்டால், உணரியைவிட அதற்கு முன்னால் நிற்கும் காந்தத் துகள்களுக்கே அதிக மதிப்புத் தருவேன். ஆன்டிபாடி பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களை அந்தக் கலவையில் கலக்கி, குடுவைக்கு வெளியே காந்தம் ஒன்றைப் பிடித்தால், கிருமிகளோடு துகள்கள் சுவரோரம் ஒதுங்கும். கலங்கலை ஊற்றிவிட்டு, ஒதுங்கியதைச் சில துளி தூய நீரில் எடுத்துக்கொள்ளலாம். உணரி பார்ப்பது ஒரு துளியைத்தான். அந்தத் துளிக்குள் கிருமியைக் கொண்டுவந்து சேர்ப்பதே பாதிக்கு மேற்பட்ட வேலை.

கேள்வி: வீட்டில் பால், மீன் குழம்பு ஆகியவற்றை நானே இப்படிச் சோதிக்கலாமா?
– இல்லத்தரசி, முத்தியால்பேட்டை

பதில்: வேண்டாம். மேலே சொன்ன வளர்ப்பு வேலையைச் சமையலறையில் செய்வது, இல்லாத ஆபத்தை உண்டாக்குவதாகும். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள், மீனை நன்கு வேகவிடுங்கள், மிஞ்சிய குழம்பைச் சீக்கிரம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் உணவகத்தில் நன்றாகப் பொரித்த சூரை மீனைச் சாப்பிட்ட சிலருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தன. மிச்சமிருந்த மீனைச் சோதித்ததில் நோய்க்கிருமி எதுவும் இல்லை என்றார்கள். சோதனை தவறா?
– உணவகம் நடத்துபவர், நெல்லித்தோப்பு

பதில்: சோதனை சரியாகவே இருந்திருக்கலாம், தேடிய பொருள்தான் வேறு. நீங்கள் சொல்லும் குறிகள் ஹிஸ்டமின் நஞ்சுக்குப் பொருந்துகின்றன. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எண்ணெயில் பொரிக்கும்போது பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். மீனின் தோற்றமும் மணமும்கூடப் பெரிதாக மாறியிருக்காது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சும் இதேபோல வெப்பத்துக்கு அசையாதது. இதற்கு நேர்மாறாக, ஆன்டிபாடிப் பட்டை செத்த கிருமியையும் பிடித்துக் கோடு காட்டக்கூடும் என்பதால், சமைத்த உணவில் அதன் முடிவை வளர்ப்புச் சோதனையோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

ஹிஸ்டமினுக்கென்று தனிச் சோதனை உண்டு. கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் மீன் தரநிலைகள் விதிக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். அடுத்த முறை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அதன் பெயரை எழுதிக் கேளுங்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் சூரை எடுக்கும்போது, மீன் படகிலேயே ஐஸில் வைக்கப்பட்டதா என்று விசாரித்து, இல்லையென்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.