அடி வாங்கி வளரும் பிள்ளை பெரியவனானால் மறந்துவிடுவானா?

"அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். போன வருஷம் அவர்கள் தெருவில் வெட்டுக்குத்து நடந்தது. இப்போது அவனுக்குப் படிப்பில் கவனமே இல்லை, யாரைப் பார்த்தாலும் சண்டை. சின்னப் பையன்தானே, வளர்ந்தால் மறந்துவிடுவான் என்கிறார்கள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறக்க மாட்டான். அதற்காக அவன் வாழ்க்கை இத்தோடு போயிற்று என்றும் நினைத்துவிடாதீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஆசிரியை. அதற்கு முன்னால் நானே அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவள்.

1995-இல் எனக்குப் பத்து வயது. தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் பற்றி எரிந்த வருஷம் அது. கொடியன்குளம் என்கிற கிராமத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது அந்த ஆகஸ்டில்தான். எங்கள் ஊர் அங்கிருந்து ரொம்ப தூரம், ஆனாலும் பயம் வந்து சேர்ந்துவிட்டது. டவுன் பஸ் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர்கள் தங்கியிருந்தார்கள். ராத்திரியானால் ஆண்கள் தெருமுனையில் காவல் இருப்பார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் மிளகாய்ப்பொடி டப்பாவை வைத்துவிட்டு, எங்களைச் செருப்பு போட்டுக்கொண்டே படுக்கச் சொல்வாள். திடீரென்று ஓட வேண்டி வந்தால் காலில் உடைமரத்து முள் ஏறிவிடக் கூடாது என்று. பாயில் செருப்புக் காலோடு படுத்துக்கொண்டு, வெளியே கேட்கிற இருமல் சத்தம் எந்த மாமாவுடையது என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். தெரியாத இருமலாக இருந்தால் தூக்கம் அதோடு போய்விடும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் பள்ளி திறந்தபோது பதிமூன்றாம் வாய்ப்பாடு எனக்கு மறந்திருந்தது. அதற்கு முந்தின மாதம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்தவள் நான். கணக்கு சார் உள்ளங்கையில் நாலு போட்டார். வலியைவிட, எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாததுதான் பெரிய திகிலாக இருந்தது.

அது எங்கே போயிற்று என்று பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பேட்ரிக் ஷார்க்கி என்கிற சமூகவியலாளர் சிகாகோ நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் வாசிப்பு, சொல்லறிவுத் தேர்வு வைத்தால், அதே பகுதியில் வேறு சமயத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளைவிட இவர்கள் குறைவாக எடுத்தார்கள். கொலையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் நடந்ததே போதும். அதைப் படித்த அன்று அந்தப் பதிமூன்றாம் வாய்ப்பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று தெரிந்ததும் மூளையில் அமிக்டலா என்கிற சிறு பகுதி மணி அடிக்கிறது. அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. நெஞ்சு படபடக்கும், காது கூர்மையாகும், உடம்பு ஓடுவதற்கோ அடிப்பதற்கோ தயாராகும். நாய் துரத்தும்போது இது நம்மைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. நாய் போனதும் அடங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்தால்? தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அது கதவைத் தட்டினால்? மணி அடங்குவதே இல்லை. பாடத்தை நினைவில் வைக்கிற ஹிப்போகாம்பஸும், பொறுமையாக யோசிக்க வைக்கிற மூளையின் முன்பகுதியும் இதில் அடிவாங்குகின்றன. இரண்டும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது வேறு. இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. கவனம் நிறைய இருக்கிறது. அத்தனையும் காவலுக்குப் போய்விடுகிறது, கரும்பலகைக்கு மிச்சம் இல்லை.

என் வகுப்பில் ஆறாவது படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா அடிக்கிற ஆள். கடைசி பெஞ்சில் சுவரோடு முதுகை ஒட்டித்தான் உட்காருவான், முன்னால் வரச் சொன்னால் வரமாட்டான். ஒருநாள் பீரோவின் மேலே இருந்து சார்ட் சுருளை எடுக்கக் கையைத் தூக்கினேன். அவன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே போய்விட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கையை எப்படி இறக்குவது என்றே தெரியாமல் நின்றேன்.

அப்புறம் ஒரு நாள் எனக்கு நல்ல தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் வந்து, "டீச்சர், எம்மேல கோவமா?" என்றான். முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. ஆனால் என்ன சரியில்லை என்பதைத் தப்பாகப் படித்துவிட்டான். சேத் பொல்லாக் என்கிற உளவியலாளரின் ஆய்வு இதைத்தான் சொல்கிறது. மங்கலான முகப் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும்போது, அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களுக்கு முன்னாலேயே அதில் கோபத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்பாவின் முகத்தை ஒரு நொடி முந்திப் படித்தால் கொல்லைப்புறம் ஓடிவிடலாம், அதனால் வந்த திறமை. அதே திறமைதான் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தோள் தெரியாமல் இடித்த பையனையும் எதிரியாகக் காட்டுகிறது. நாம் அவனுக்கு "ரவுடிப்பய" என்று பெயர் வைத்துவிடுகிறோம். உங்கள் அக்கா மகன் எல்லாரோடும் சண்டை போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அன்பால் சொல்வதுதான், பிள்ளை உருப்பட வேண்டும் என்கிற தவிப்பு. ஆனால் அடித்து நான் படிய வைத்த ஒரு பிள்ளையும் கிடையாது. வேலைக்கு வந்த முதல் சில வருஷம் நானும் பிரம்பு வைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளிடம் இப்போது மன்னிப்பு கேட்கத் தோன்றுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடைசெய்துவிட்டது. வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்கள் என்று தெரிந்தது.

தெருச் சண்டையையும் சாதாரணமாக விட்டுவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. வெட்டுப்பட்ட பிள்ளைகளின் வலியோடு வேறு எதையும் ஒப்பிட மாட்டேன். ஆனால் அரிவாளைத் தூக்கிய பையன்களும் பதினேழு வயதில் திடீரென்று அப்படி ஆனவர்கள் இல்லை. யாரைப் பார்த்து முறைக்க வேண்டும், யாரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று மூன்றாம் வகுப்பிலேயே பாடம் எடுக்கிற பெரியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். என் வகுப்பில் இரண்டு சாதித் தெருக்களின் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். வெளியே பட்டாசு வெடித்தால் எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்குப் போகும்.

இனி நல்ல செய்தி. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக நிமிர்ந்தார்கள். அவர்களுக்கு இருந்த முக்கியமான துணை, நம்பக்கூடிய ஒரு பெரியவர். பாட்டியோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ. எனக்கு என் ஆச்சி இருந்தாள். கலவரம் முடிந்து ஆறு மாதம் நான் செருப்பைக் கழற்றாமல்தான் படுத்தேன். அவள் கழற்று என்று ஒருநாளும் சொல்லவில்லை. தினமும் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் செருப்பைத் துடைத்துவிடுவாள், பாய் அழுக்காகாமல் இருக்க.

அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவன் இடத்தை மாற்றவில்லை. பீரோவைத் திறக்கும் முன், "இப்போ சார்ட் எடுக்கப் போறேன்" என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டுத் திறந்தேன். கோபம் வந்தால், எதற்காக என்று வாயால் சொன்னேன். முதல் பீரியடில் தூங்கினால் எழுப்பவில்லை, ராத்திரி அவன் தூங்கியிருக்க மாட்டான். தை மாதம் தாண்டித்தான் ஒருநாள் மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அடுத்த வாரம் மறுபடி சுவருக்கே போய்விட்டான். இது அப்படித்தான் நடக்கும், நேர்கோட்டில் நடக்காது.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அடி இன்னும் நடக்கிறது என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். அது ஓயாமல் மற்ற எதுவும் பலன் தராது. 1098-க்குக் கூப்பிடலாம், குழந்தைகள் உதவி எண் அது. பாதிப்பு முற்றியதாகத் தெரிந்தால், அதாவது தூக்கமே இல்லை, படுக்கையில் சிறுநீர் போகிறான், பேச்சைக் குறைத்துவிட்டான் என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். உடனே போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் பேசலாம், காசு கிடையாது. அவன் அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்த வீட்டில் காவல் இருக்கிற இரண்டாவது ஆள் அவர்தான்.

அப்புறம், நீங்கள். வாரம் ஒருநாள் அவனைப் போய்ப் பாருங்கள். அறிவுரை வேண்டாம், டீக்கடையில் ஒரு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா கூட உட்காருங்கள், போதும். சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னால் சனிக்கிழமையே போங்கள். போக முடியாது என்று தெரிந்தால், முந்தின நாளே போன் போட்டு அவனிடமே சொல்லிவிடுங்கள்.